அறிவித்தல் எழுதும் மேசைக்கு ஒரு மடல்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள மாநகர சபை, நகர சபைகள், பிரதேச சபைகளின் செயலாளர்கள், தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், வருமானப் பரிசோதகர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், அந்த மன்றங்களுக்காக நீதிமன்றம் ஏறும் சட்டத்தரணிகள் எல்லோருக்கும்,

 

உங்களில் சிலருக்காக நான் நீதிமன்றத்தில் தோன்றியிருக்கிறேன். சிலருக்கு எதிராகவும் தோன்றியிருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவனுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரிகிறது. மன்றங்கள் தோற்ற வழக்குகளில் அநேகமானவை நீதவானுக்கு முன்னால் தோற்றவை இல்லை. அலுவலகத்தில், அறிவித்தல் எழுதிய மேசையிலேயே தோற்றுவிட்டன. சட்டத்தரணியின் கைக்குக் கோவை வந்து சேரும்போது அதில் காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

அதனால்தான் இந்த மடலை மன்றங்களின் சட்டத்தரணிகளுக்கு மட்டும் எழுதாமல், அளவுநாடாவோடு காணிக்குள் இறங்குகிறவருக்கும், கணினியில் கடிதம் தட்டுகிறவருக்கும், கையெழுத்து வைக்கிறவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் சட்டப் பயிற்சி வேண்டும். ஒரே மேசையில், ஒரே கோவையை நடுவில் வைத்து, இந்த மண்ணிலேயே, தமிழிலேயே வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் இதை இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரித்து எழுத விடுங்கள்.

முதலில் ஓர் அறிவித்தலைப் பார்ப்போம். எந்த மன்றத்தினது என்று சொல்லப் போவதில்லை. இதே கடிதத்தை வேறு வேறு கடிதத் தலைப்புகளில் கண்டிருக்கிறேன். ‘அனுமதியற்ற கட்டடம்’ என்று தலைப்பு. கீழே நான்கு வரி. தாங்கள் தங்கள் காணியில் சபையின் அனுமதியின்றிக் கட்டடம் நிர்மாணித்து வருவது அவதானிக்கப்பட்டுள்ளது, உடன் நிறுத்தவும், தவறின் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். அவ்வளவுதான். காணி எது என்று அடையாளம் இல்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று இல்லை. எத்தனை நாளுக்குள் என்று இல்லை. யாருடைய பெயருக்கு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால், சோலைவரிப் பதிவேட்டில் உள்ள தகப்பனின் பெயர். அவர் மௌத்தாகியோ காலமாகியோ பல வருடமாயிற்று. காணியும் வீடும் நம் ஊர் வழமைப்படி மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று. உறுதி மகளின் பெயரில் இருக்கிறது, கட்டுவது மருமகன். செத்தவருக்கு எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு மன்றம் நீதிமன்றத்துக்கு வருகிறது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு இதைவிட இலகுவான வேலை உண்டா? மூன்றே கேள்வி கேட்டால் போதும். யாருக்கு அறிவித்தல் கொடுத்தீர்கள்? எந்த அதிகாரத்தின் கீழ் கொடுத்தீர்கள்? அந்த அதிகாரம் உங்களுக்கு எப்படி வந்தது? மூன்றாவது கேள்வியில் கூண்டில் நிற்கும் உத்தியோகத்தரின் முகம் மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அவர் பொய் சொல்கிறவர் இல்லை, ஊழல் செய்கிறவரும் இல்லை. மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் திரிந்து வேலை செய்கிறவர். அந்தக் கேள்விக்கான விடையை அவருக்கு ஒருவரும் ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த மூன்றாவது கேள்வியில் கொஞ்சம் நிற்போம். நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடமானால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் பேசும். அதன் 28அ பிரிவின் கீழ் முதலில் எழுத்தில் அறிவித்தல், அதற்கு அடங்காவிட்டால் மனுவும் சத்தியக்கடதாசியும் கொண்டு நீதவானிடம் போதல், மறுதரப்பு காரணம் காட்ட இடம் கொடுத்தல், அதன் பின்னர்தான் இடிப்பதற்கான கட்டளை. இந்த அதிகாரம் உண்மையில் அதிகாரசபையினுடையது. சட்டத்தின் 23ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு அதனை உள்ளூராட்சி மன்றத்தின் உத்தியோகத்தர் ஒருவருக்கு ஒப்படைக்க இடம் தருகிறது. உத்தியோகத்தர் ஒருவருக்கு என்பதைக் கவனியுங்கள். மன்றத்துக்குப் பொதுவாக எழுதிக் கொடுத்துவிடவில்லை. அப்படியானால் அறிவித்தலில் யார் கையெழுத்து வைக்கலாம், ஒப்படைப்புக் கடிதம் எந்தத் திகதியில் வந்தது, அதற்குப் பிறகு அந்தப் பதவிக்கு வேறு ஆள் வந்துவிட்டாரா என்பதெல்லாம் வழக்கின் உயிரோடு சம்பந்தப்பட்டவை. அந்தக் கடிதத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதி உங்கள் அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது? பிரகடனம் செய்யப்படாத இடமானால் வேறு சட்டம்: 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். நூறு வருடத்துக்கும் மேல் பழையது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இரண்டுக்கும் நடைமுறை வேறு. ஒன்றின் பிரிவை எழுதி மற்றதன் வழியில் போனால் கோவை அங்கேயே முடிந்தது.

காணி அரச காணியாக இருந்தால் அதுவும் வேறு கதை. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் ஆட்சி மீட்புச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டியவர் பொதுவாகப் பிரதேச செயலாளர். வயலை நிரப்பினால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் வரும். வாவிக் கரைக்குப் போனால் இன்னும் சிக்கல்.

வாவிக்கே வருவோம். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்தத் தண்ணீருக்கு கிழக்கே எழுவான்கரையில் சில மன்றங்கள், மேற்கே படுவான்கரையில் சில மன்றங்கள். ஏறாவூரிலிருந்து தெற்கே இறங்கி வந்தால் ஏறாவூர்ப்பற்று, மாநகர சபை, காத்தான்குடி, மண்முனைப்பற்று, மண்முனை தெற்கு எருவில் பற்று. அக்கரையில் மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று. மாவட்டத்தின் 12 மன்றங்களில் 9 இந்த வாவியில் கால் நனைத்து நிற்கின்றன. அதற்கு அப்பால் கரையோரம் பேணல் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, பிரதேச செயலகங்கள். வாவியை யாராவது மண் போட்டு நிரப்பினால் முறைப்பாட்டோடு ஓடுகிற மீனவர் எத்தனை படலையைத் தட்ட வேண்டியிருக்கிறது? ஒவ்வொரு படலையிலும் ‘இது எங்களுடையது இல்லை’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுடையது எது என்று தெரியாது. தெரியாதபோது பாதுகாப்பான விடை அதுதானே.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் கடலோடு இணைந்த வாவிகளையும் ஓரளவுக்குத் தொட்டது. 2011ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கத் திருத்தம் அதை நீட்டி, அத்தகைய நீர்நிலைகளின் ஓரமாக 100 மீற்றர் உள்நிலத்தையும் கரையோர வலயத்துக்குள் கொண்டு வந்தது. சரி, 100 மீற்றர். எங்கிருந்து அளப்பது?

நம் வாவியை அறிந்தவர்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை என்று தெரியும். மாரியில் வெள்ளம் ஏறி, தாழ்ந்த வளவுகளுக்குள் தண்ணீர் நின்று, முகத்துவாரத்தை வெட்டச் சொல்லிச் சனம் கேட்கிற நாளில் கரை ஓர் இடத்தில் இருக்கும். ஆவணி வெயிலில் சேறு வெடித்துக் கிடக்கிற நாளில் அது வெகுதூரம் உள்ளே போய்விடும். மார்கழியில் போய் அளந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஆவணியில் போய் அளந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒரே மதிலுக்கு இரண்டு தூரம் எழுதுவார்கள். இருவரும் நேர்மையாகவே எழுதியிருப்பார்கள். ஆனால் சட்டம் அன்றைக்குக் கண்ணில் பட்ட தண்ணீர் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்லவில்லை. சராசரிக் கடல்மட்டத்தின் பூச்சிய அளவிலிருந்து அளக்கச் சொல்கிறது. அதைக் காலால் நடந்து கண்டுபிடிக்க முடியாது. நில அளவையாளர் வேண்டும், மட்டம் பார்க்கும் கருவி வேண்டும், வரைபடம் வேண்டும். ‘கரையிலிருந்து சுமார் 60 மீற்றர்’ என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கூண்டில் ஏறினால், அந்தச் ‘சுமார்’ என்ற சொல்லிலேயே வழக்கைப் பறிகொடுப்பீர்கள். பிறகு கண்டல் மரங்களை வெட்டி, மண் கொட்டி, மதில் எழுப்பியவர் நீதிமன்றக் கட்டளையையும் கையில் வைத்துக்கொண்டு விருந்தினர் விடுதி கட்டுவார். வாவிக்கு அது இரட்டை நட்டம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அதுதான் கூடுதலாக வலிக்கிறது. சட்டம் தெரியாத மன்றம் பெரியவர்களிடம் தோற்கும், சிறியவர்களை நசுக்கும். மதில் கட்டியவரிடம் சட்டத்தரணி இருப்பதால் அறிவித்தலோடு நின்றுவிடுகிறார்கள். கரையில் வாடி போட்டிருக்கும் மீனவரின் தகரமும் கிடுகும் ஒரு காலைப்பொழுதில் உழவு இயந்திரத்தில் ஏறிவிடுகிறது. அவருக்கு அறிவித்தல் கூடக் கிடைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கிழக்கில் 200 மீற்றர் தடை வலயம் என்று அறிவித்து, பின்னர் அதைத் தளர்த்தி, இடையில் மட்டக்களப்பின் நாவலடியிலும் திருச்செந்தூரிலும் சனம் தங்கள் சொந்தக் காணியில் கிடுகு வேயலாமா கூடாதா என்று தெரியாமல் நின்ற காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சட்டம் என்ன சொல்கிறது என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லக்கூடிய ஓர் உத்தியோகத்தர் எவ்வளவு பெறுமதியானவராக இருந்திருப்பார்!

கேட்காமல் இடிப்பதைப் பற்றி 1863இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கைப் பயிற்சியின் முதல் நாளே உங்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை. வாண்ட்ஸ்வர்த் என்னும் இடத்தின் உள்ளூர்ச் சபைக்கு எதிராகக் கூப்பர் என்பவர் போட்ட வழக்கு. வீடு கட்டத் தொடங்குவதற்கு 7 நாள் முன்பே சபைக்கு அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் சபை இடிக்கலாம் என்று சட்டம். அறிவித்தல் வரவில்லை என்றது சபை. அனுப்பினேன் என்றார் கூப்பர். வீடு இரண்டாம் மாடிக்கு எழும்பிக்கொண்டிருந்தபோது சபை ஆட்களை அனுப்பி, ஒரு பின்மாலையில் இடித்துத் தரைமட்டமாக்கியது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியும் இருக்கவில்லை. ஆனாலும் சபை நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ந்தது. ஒருவருடைய சொத்தில் கை வைக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும், சட்டம் அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் கேட்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இயற்கை நீதி என்று நாம் இன்றைக்கும் எழுத்தாணை மனுக்களில் எழுதுவதற்கு இது ஒரு வேர். அதிகாரம் இருந்தாலும் அதை நியாயமற்ற விதத்தில் பாவிக்கலாமா என்பதற்கு நாம் எப்போதும் எடுத்துக்காட்டும் 1947ஆம் ஆண்டு வெட்னஸ்பரி வழக்கும், ஞாயிற்றுக்கிழமையில் படமாளிகைக்குள் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விடக்கூடாது என்று ஓர் உள்ளூர்ச் சபை விதித்த நிபந்தனையைப் பற்றியதே. நிர்வாகச் சட்டத்தின் பெரிய கொள்கைகள் பல, உங்களைப் போன்ற சின்னச் சபைகளின் அன்றாட முடிவுகளிலிருந்து எழுந்தவை. வவுணதீவிலோ வெல்லாவெளியிலோ நீங்கள் ஓர் அனுமதிப்பத்திரத்தை மறுக்கும்போது செய்வது அதே தரத்து வேலை. காரணம் எழுதாமல் மறுத்தால், அரசியலமைப்பின் 154த (4) உறுப்புரையின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை கேட்டு வருவார்கள். சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கும் போவார்கள். அங்கே உங்கள் பெயர் தனிப்பட எதிராளியாக எழுதப்பட்டிருக்கும்.

குப்பை விடயத்தில் நீண்ட விரிவுரை தேவையில்லை. திருப்பெருந்துறைக் குப்பைமேட்டைச் சுற்றி எழுந்த எதிர்ப்பை உங்களில் பலர் நேரில் கண்டவர்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததையும் அறிவீர்கள். ‘சபையில் காசு இல்லை’ என்பது நீதிமன்றத்தில் பதிலாகுமா என்று மட்டும் யோசியுங்கள். மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரசபை அதே பதிலைத்தான் சொன்னது. திறந்த சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் ஓடிய தெருவில் குடியிருந்தவர்கள் நீதவானிடம் போனார்கள், வடிகால் கட்டும்படி கட்டளை வந்தது, நகரசபை காசில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. அங்கே பாவிக்கப்பட்ட தொல்லை அகற்றும் பிரிவுக்கு ஒப்பானது எங்கள் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு. இந்தியத் தீர்ப்பு எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு நல்ல சட்டத்தரணி அதை எடுத்துக்காட்டினால் நீதவான் கேட்பார். கழிவு நீரை வாவிக்குள் விடுகிற ஒரு வடிகாலை வைத்து நாளைக்கு யாரும் உங்களை எதிராளியாக்கலாம். அன்றைக்கு என்ன சொல்வீர்கள் என்பதை இன்றைக்கே உங்கள் சட்டத்தரணியோடு இருந்து பேசுங்கள்.

துணைவிதிகள் இன்னொரு வெற்றிடம். 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம் மாதிரித் துணைவிதிகளை முன்வைக்கிறது. மன்றம் தீர்மானம் எடுத்து ஏற்று, அது வர்த்தமானியில் வந்தால் உயிர் பெறும். பிரதேச சபைகள் தாங்களே ஆக்குவதற்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் இடமுண்டு. உங்கள் மன்றத்தில் எந்தத் துணைவிதி எப்போது நிறைவேறியது, எந்த வர்த்தமானியில் வந்தது என்று ஒரு பட்டியல் கேட்டால் எத்தனை பேரால் அன்றைக்கே எடுத்துத் தர முடியும்? நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் ‘பழைய ஆட்களுக்குத் தெரியும்’ என்றே விடை வந்தது. வர்த்தமானியில் இல்லாத விதியைக் கொண்டு கட்டணம் அறவிட்டால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் வெல்லவும் செய்வார்கள்.

இந்தக் குறைக்கு உங்களை மட்டும் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மன்றங்களின் ஞாபகம் அறுந்துபோனதற்குக் காரணங்கள் உண்டு. 1994க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் 2008 மார்ச் 10ஆம் திகதிதான் நடந்தது. நடுவில் யுத்தம், இடப்பெயர்வு, எரிந்த அலுவலகங்கள். 2018இல் தெரிவான மன்றங்கள் 2023 மார்ச் 19உடன் கலைந்தன. தேர்தல் நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், 2025 மே 6 வரை காத்திருந்தோம். அந்த இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட காலத்தில் தவிசாளரின் வேலையையும் செயலாளரின் வேலையையும் செயலாளர் ஒருவரே சுமந்தார். கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பருடன் காலம் முடிந்து இன்னும் கூடவில்லை. மாகாண அமைச்சர் பார்க்க வேண்டியதை ஆளுநர் பார்க்கிறார். மேலே கேட்டுத் தெளிய ஓர் ஆள் இல்லாத இடத்தில் கீழே இருப்பவர் எப்படிச் சட்டம் படிப்பார்? ஆனால் இப்போது மன்றங்கள் மீண்டும் கூடுகின்றன. 25 வீத ஒதுக்கீட்டால் வந்த பெண் உறுப்பினர்கள் நிறையப் பேர் முதன்முறையாக அந்தக் கதிரையில் இருக்கிறார்கள். நான் பேசிப் பார்த்ததில் சட்டம் கேட்டுப் படிக்க அதிகம் ஆவலோடு இருப்பவர்களும் அவர்கள்தான். தவிசாளரின் நிறைவேற்று அதிகாரம் எங்கே முடிகிறது, செயலாளரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதை ஆரம்பத்திலேயே எல்லோரும் சேர்ந்து படித்துக்கொண்டால் பிறகு ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட வேண்டி வராது.

பயிற்சியே இல்லை என்று சொல்லமாட்டேன். 1999ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை உள்ளூராளுகை நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. மாகாணத்துக்கும் பயிற்சி ஏற்பாடுகள் உண்டு. அவற்றுக்குப் போய் வந்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஆனால் ஒரு நாள் செயலமர்வில் பொதுவாகச் சொல்லப்படுகிற சட்டம், அடுத்த நாள் காலையில் களுவாஞ்சிகுடியில் ஓர் ஒழுங்கையை அடைத்துக் கட்டிய வேலிக்கு முன்னால் நிற்கிறவருக்கு உதவாது. அந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையென்றால் எப்படிச் சேர்ப்பது, வேலியை அகற்ற முன் யாருக்கு எழுதுவது என்பதைக் கோவையைத் திறந்து வைத்துத்தான் படிக்க முடியும். கேரளத்தில் திருச்சூருக்குப் பக்கத்தில் 1990இல் தொடங்கிய உள்ளூராட்சிப் பயிற்சி நிறுவனம், கிராமப் பஞ்சாயத்து உறுப்பினரையும் உத்தியோகத்தரையும் மலையாளத்தில் படிப்பிக்கிறது. அமெரிக்காவில் நகரசபைகளின் சட்டத்தரணிகள் 1935இலேயே தங்களுக்கென்று ஒரு சங்கத்தை அமைத்து, ஒருவர் கண்ட தீர்ப்பை மற்றவருக்குச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு பெரிய நிறுவனம் வேண்டியதில்லை. ஒரு மண்டபமும் ஒரு வெண்பலகையும் போதும்.

நான் மனதில் வைத்திருப்பது இதுதான். மாதம் ஒரு முறை, அரை நாள். ஒவ்வொரு மன்றமும் தான் தோற்ற, அல்லது நடுவில் கைவிட்ட ஒரு கோவையைக் கொண்டு வர வேண்டும். பெயர்களை மறைத்துவிட்டு, முதல் முறைப்பாட்டிலிருந்து கடைசித் தவணை வரைக்கும் தாள் தாளாகப் பார்க்க வேண்டும். இந்தத் திகதியில் போய்ப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருக்க வேண்டும்? அறிவித்தல் யார் கையில் கொடுத்தோம், வாங்க மறுத்தபோது கதவில் ஒட்டியதற்குக் கிராம உத்தியோகத்தரின் சாட்சி இருக்கிறதா? படம் பிடித்தவர் யார், எந்தத் தொலைபேசியில், எத்தனை மணிக்கு? அன்றைக்கே அங்கேயே எல்லோரும் அந்த அறிவித்தலைத் திருத்தி எழுத வேண்டும். சட்டத்தரணிகள் அதைச் சிவப்பு மையால் கிழிக்கட்டும். இப்படி நான்கைந்து கோவை பார்த்த உத்தியோகத்தர் அதன் பிறகு தலைப்பிலேயே சட்டத்தையும் பிரிவையும் எழுதாமல் ஒரு கடிதமும் அனுப்பமாட்டார்.

மாரியில் ஒரு வகுப்பையும் ஆவணியில் ஒரு வகுப்பையும் வாவிக் கரையிலேயே வைப்போம். நில அளவைத் திணைக்களத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, அந்தப் பூச்சிய மட்டம் எங்கே விழுகிறது என்று முளை அடித்துக் காட்டச் சொல்வோம். மீனவர் சங்கத்தாரும் வந்து நிற்கட்டும். எந்த இடம் ஐந்து வருடத்துக்கு முன்னால் தண்ணீராக இருந்தது என்று வரைபடத்தை விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அது எந்த வடிவத்தில் சாட்சியமாகும் என்பதைச் சட்டத்தரணிகள் அவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஓர் அமர்வில் முடிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதை மனதில் பதித்து, ஒழுங்கான கோவை வைத்திருந்தால் அந்த விண்ணப்பங்களுக்குப் பயப்படத் தேவையில்லை.

மொழி விடயத்தில் ஒரு வேண்டுகோள். இங்கே நிர்வாகமும் நீதிமன்றமும் தமிழில் நடக்க அரசியலமைப்பே இடம் தருகிறது. ஆனால் மேன்முறையீட்டு, உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் வருகின்றன. உள்ளூராட்சி மன்றங்களைப் பற்றிய ஒவ்வொரு முக்கியத் தீர்ப்பையும் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக்கி எல்லா மன்றங்களுக்கும் அனுப்ப வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிற எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறையில் வரும்போது கேட்டால் செய்வார்கள், சட்டத்தரணிகள் சரிபார்த்துக் கொடுக்கலாம்.

இனி என் தொழில் தோழர்களுக்கு. நாம் தவணைக்கு முதல் நாள் இரவு கோவையைத் திறக்கிறோம். மன்றங்களும் நாம் தோன்றிய ஒவ்வொரு தவணைக்கும்தான் நமக்குக் காசு தருகின்றன, அறிவித்தல் போகும் முன் பார்த்துக் கொடுப்பதற்குத் தருவதில்லை. இந்த ஏற்பாட்டை மாற்றும்படி நாமே மன்றங்களிடம் கேட்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் சபை அலுவலகத்தில் உட்கார்ந்து, போகவிருக்கும் கடிதங்களைப் பார்த்துத் தருவதற்கு ஒரு சிறு தொகை போதும். அது தோற்கிற ஒரு வழக்கின் செலவை விடக் குறைவு. மன்றம் பிழை செய்கிறபோது ‘இதைச் செய்ய வேண்டாம், அந்த மனுசனை முதலில் கேளுங்கள்’ என்று தவிசாளரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். பொதுப் பணத்தில் வாதாடுகிறவருக்குத் தன் கட்சிக்காரர் வெல்வது மட்டும் குறியாக இருக்க முடியாது. பிரதேச சபைகள் சட்டத்தை முதல் பிரிவிலிருந்து கடைசிப் பிரிவு வரை வாசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்பதையும் நம் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

செயலாளர்களே, முதல் அமர்வுக்கு உங்களிடம் கேட்பது இரண்டு பொருட்கள். ஒன்று, தோற்ற கோவை. மற்றது, உங்கள் மன்றத்தின் துணைவிதிகள், அதிகார ஒப்படைப்புக் கடிதங்கள் எல்லாவற்றினதும் பட்டியல், வர்த்தமானி இலக்கமும் திகதியும் சேர்த்து. இல்லாதவற்றுக்கு நேரே இல்லை என்று எழுதுங்கள், அவற்றைத் தேடி எடுக்கும் வேலையைப் பிரித்துக்கொள்வோம். உங்களுக்கு எதிராக நான் நடத்தி முடித்த வழக்குகளின் கோவைகளைக் கட்சிக்காரர்களின் சம்மதத்தோடு நான் கொண்டு வருகிறேன். திகதியை உள்ளூராட்சி உதவி ஆணையாளரோடு பேசி நீங்கள் முடிவு செய்யுங்கள். நீதிமன்றம் இல்லாத சனிக்கிழமையானால் சட்டத்தரணிகளுக்கு வசதி. இடம் மட்டும் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையிலோ வவுணதீவிலோ இருக்கட்டும். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பிறகும் எல்லாக் கூட்டத்துக்கும் அந்தப் பக்கத்து உத்தியோகத்தர்களே தண்ணீரைக் கடந்து வருகிறார்கள். இந்த முறை நாம் போவோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு நீதிமன்றங்களில் தொழில் புரியும் ஒரு சட்டத்தரணி